வியாழனுக்குள் ஒரு வளையம்

தம்போய்ப் பகுதியில், டயர் கடைகளும் கார்களுக்குச் சாயம் அடிக்கும் கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் ஒரு பின்சாலையில் கமலநாதனின் பட்டறை இருக்கிறது. கண்ணாடி நாரையும் ரெசின் பசையையும் சேர்த்து எதையெல்லாம் வார்க்க முடியுமோ அதையெல்லாம் அங்கே வார்ப்பார்கள். தண்ணீர்த் தொட்டி, சறுக்குமரம், சின்னப் படகு, ஒருமுறை ஆள் உயர டுரியான் பழம்கூட. பட்டறைச் சுவரில், நாள்காட்டிக்குப் பக்கத்து ஆணியில், ஒரு பலகை வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. நீள்வட்ட வளையம். நீளவாட்டில் பதினாறு அங்குலம். அதன்மேல் மார்க்கர் பேனாவால் 'சந்திரா' என்று எழுதியிருந்தது.

சந்திராவின் முழுப்பெயர் சந்திரமதி. கமலநாதனின் மனைவி ராசம்மாவுக்குத் தங்கை. வயது நாற்பத்தைந்து.

மூடிய தொட்டி எதுவானாலும் இரண்டு பாதியாக வார்த்துத்தான் ஒட்ட வேண்டும். வெளியே மட்டும் ஒட்டினால் நிற்காது. உள்ளேயும் ஓர் ஆள் உட்கார்ந்து, மூட்டின் மேல் நார்த்துணியைப் பதித்து, பசை தடவி, உருளையை ஓட்டிக் காற்றுக் கொப்புளங்களை நீக்க வேண்டும். பாதிகளை மூடும்போதே அந்த ஆள் உள்ளே இருப்பார். வேலை முடிந்ததும் ஒரு துளை வழியாக வெளியே வருவார். துளை எவ்வளவு சின்னதோ தொட்டி அவ்வளவு பலம். அதனால் பட்டறைக்கு ஒரு சின்ன ஆள் தேவைப்பட்டார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், சந்திரமதியின் கணவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். மூன்றாம் மாதம் அவனுடைய கைப்பேசி எண் மாறியது. அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. பாலோவில் வாடகை வீட்டில் தனியாக இருந்தவளை ராசம்மா போய் அழைத்துக்கொண்டு வந்தாள். "வாடி, ரூம் சும்மாத்தான் கெடக்குது," என்றாள். வந்த முதல் வாரமே கமலநாதன் ஒரு பலகையைத் தரையில் போட்டு, அதன்மேல் அவளைப் படுக்கச் சொன்னார். ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டி, மறு கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு படுத்தாள். ஆண் பிள்ளை தொடக்கூடாது என்பதால் ராசம்மாதான் குனிந்து பென்சிலால் தோளைச் சுற்றி வரைந்தாள். கூச்சத்தில் சந்திரமதி சிரித்துவிட்டாள். "ஆடாதடி, கோடு கோணும்," என்று அக்கா அதட்டினாள்.

அந்தக் கோடுதான் வளையம் ஆனது. அன்றிலிருந்து அந்தப் பட்டறையில் வெட்டிய எல்லாத் துளைகளும் 'சந்திரா அளவு'தான். குளுவாங்கிலும் கூலாயிலும் எத்தனையோ வீட்டுக் கூரைத் தொட்டிகளில் அவள் தோளின் அளவில் துளைகள் இருக்கின்றன. யாராவது வீட்டுக்கு வந்து, "தங்கச்சி என்ன வேலை பாக்குது?" என்று கேட்டால், "அவ இல்லன்னா மாமாவுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி," என்பாள் ராசம்மா. அது பாராட்டு என்று சந்திரமதி பல வருஷம் நினைத்திருந்தாள்.

பசையின் ஆவியும் நார்த்தூசும் எத்தனை முகமூடி போட்டாலும் உள்ளே போய்விடும். போன வருஷம் அவளுக்கு இழுப்பு வந்தது. படியேறினால் நெஞ்சுக்குள் பூனை கத்துவதுபோல் ஒரு சத்தம். கிளினிக்கில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டால் மூச்சு வந்தது. கூடவே உடம்பும் வந்தது. கன்னம் உப்பியது, கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது, கை அக்குளில் இடித்தது. "இப்பதான்டி மூஞ்சியில களை வந்திருக்கு," என்றாள் அக்கா.

மூன்று வாரத்துக்கு முன்னால் கிளினிக் டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் இருந்தது. மூடிய இடத்தில், பசை ஆவி உள்ள இடத்தில் இவரை இனி வேலைக்கு அனுப்பக் கூடாது என்பது சாரம். "உங்க பாஸ்கிட்ட கொடுங்க," என்றார். சந்திரமதி அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். காலையில் இன்றைக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். சாயங்காலம் அக்கா தட்டில் சோறு போடும்போது நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றும். கொடுத்தால் யாரும் அவளைத் துரத்தமாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும். துளைக்குள் போகமுடியாத சந்திரா அந்த வீட்டில் யார் என்பதுதான் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் கிரகங்கள் வந்தன.

மூவாரில் புதிதாகத் திறக்கவிருந்த அறிவியல் கூடத்துக்கு எட்டுக் கிரகங்கள் செய்ய வேண்டும். கமலநாதன் அதுவரை உருண்டையே செய்ததில்லை. ஆனாலும், "போலே லா, செஞ்சிடலாம், தொட்டிய உருட்டினா கிரகம்," என்று ஒப்புக்கொண்டார். சின்னக் கிரகங்களுக்கு உள்ளே ஆள் தேவையில்லை, கையை விட்டே ஒட்டிவிடலாம். சனியை மூன்று துண்டாகச் செய்து அங்கே போய்ப் பூட்டுவதாக ஏற்பாடு. வியாழன் மட்டும் எட்டடி விட்டம். அதற்கு சந்திரமதி உள்ளே போயாக வேண்டும்.

கூடத்திலிருந்து தர்மினி என்ற பெண் வேலையைப் பார்க்க வந்தாள். முப்பது வயசு இருக்கும். வானியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள் என்று கேள்விப்பட்டு கமலநாதன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். அவள் ஒவ்வொரு கிரகமாகத் தொட்டுப் பார்த்தாள். செவ்வாயின் நிறம் சரியில்லை, இன்னும் துருவாக இருக்க வேண்டும், அந்த மண்ணில் இருப்பது இரும்புத் துரு என்றாள்.

"அப்ப நம்ம பட்டறை இரும்புக் கேட்டும் செவ்வாய்தான் பாஸ்," என்றான் செல்வா. சாயம் அடிப்பதும் சங்கிலிக் கப்பியை இழுப்பதும் அவன் வேலை. பன்னிரண்டு வருஷமாகச் சந்திரமதியோடு வேலை செய்கிறவன்.

சனியின் எடையை அதே அளவு தண்ணீரோடு ஒப்பிட்டால் குறைவு, அவ்வளவு பெரிய கடல் இருந்தால் சனி மிதக்கும் என்றாள் தர்மினி.

"அதான் ஏழரை வருஷம் முங்காம நம்ம தலைமேலயே நிக்குது," என்றான் செல்வா. தர்மினி சிரித்துவிட்டாள்.

சந்திரமதி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "வியாழன் உள்ள என்னம்மா இருக்கு? நான்தான் உள்ள போகப்போறேன், அதான் கேக்குறேன்."

"உள்ளயா? ஹைட்ரஜன், ஹீலியம். பெரும்பாலும் அவ்வளவுதான்க்கா. பலூன்ல அடைக்கிற மாதிரி காத்து."

"கீழ தரை?"

"தரையே இல்ல. கால் வைக்க இடம் கெடையாது. விழுந்தா விழுந்துகிட்டே இருப்பீங்க. போகப்போக நெருக்கும். காத்தா இருந்தது நெருக்குற நெருக்குல தண்ணி மாதிரி ஆயிடும். எந்த எடத்துல காத்து முடிஞ்சு தண்ணி ஆச்சுன்னு கோடு போட முடியாது. இன்னும் கீழ போனா அதே ஹைட்ரஜன் உலோகம் மாதிரி ஆயிடும்."

"நடுவுல ஏதாச்சும் இருக்கணும்ல?"

"கெட்டியா ஒரு கல்லு இருக்கும்னு நெனச்சிருந்தாங்க. இப்ப அதுகூட கரைஞ்சு, கலங்கி, பரவிக் கெடக்குதுங்கிறாங்க. சரியா யாருக்கும் தெரியாது."

தர்மினி போன பிறகும் சந்திரமதிக்கு அந்தக் கோடு போட முடியாத இடம்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாள் உதவிக்கு என்றுதான் அவளும் வந்தாள். எந்த நாளில் அது வேறு ஒன்றாக ஆனது என்று அவளாலும் சொல்ல முடியாது.

தப்பு நடந்தது துளையில்.

உருண்டை எதுவானாலும் அடியில் ஒரு பெரிய துளை விடலாம். தாங்கியின் தட்டு அதை மறைத்துவிடும். யானையே புகுந்து வரலாம். செல்வா அப்படித்தான் குறித்து வைத்திருந்தான். கமலநாதன் வந்து பார்த்ததும் கோட்டை அழித்தார்.

"என்னடா செஞ்ச? இது யாரு தெரியுமா? குரு பகவான். அவர் அடியில ஓட்டை போடுவியா? குடும்பம் வெளங்குமா?"

"பாஸ், இது பைபரு."

"உனக்கு பைபரு. எனக்கு அடுத்த பெயர்ச்சியில எட்டாம் எடம்."

அதனால் துளை வியாழனின் பெரிய சிவப்புப் புள்ளிக்கு மாறியது. அந்தப் புள்ளி வியாழனில் ஓயாமல் சுழலும் ஒரு புயல். மூடியில் புள்ளியை வரைந்து, சந்திரமதி வெளியே வந்ததும் ஒட்டிவிட்டால் துளை இருந்த தடமே தெரியாது. கமலநாதன் ஆணியிலிருந்து வளையத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். படத்தில் இருந்த புள்ளியும் வளையமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. "பாத்தியா, அவரே எடம் காட்டுறாரு," என்றார். ராசம்மா அனுப்பியிருந்த மஞ்சள் துணியை உருண்டையின் மேல் ஒரு நிமிஷம் போர்த்தி எடுத்தார்.

சந்திரமதி அப்போது அங்கேதான் இருந்தாள். அவள் வளையத்தின் அளவில் வெட்டிய ஒரு துளையைத் தாண்டி ஏழு மாதம் ஆகியிருந்தது. இடையில் வந்த வேலையெல்லாம் திறந்த படகும் சறுக்குமரமும்தான். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அவள் வளையத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். போன வருஷம் போகலையா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உள்ளே போனாள். "செருப்பைக் கழட்டிட்டுப் போ, குருவுக்குள்ள போற," என்றார் கமலநாதன். கழற்றினாள். கீழ்ப்பாதியில் உட்கார்ந்ததும் செல்வா சங்கிலியை இழுத்து மேல்பாதியை இறக்கினான். வெளிச்சம் ஒரு வளையமாகச் சுருங்கி, ஒரு கோடாகி, போய்விட்டது. புள்ளி இருக்கவேண்டிய துளையிலிருந்து மட்டும் ஒரு கற்றை வெயில். அதே துளை வழியாக ப்ளோவரின் காற்றுக் குழாய் உள்ளே வந்தது.

உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே ஒருவன் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் பதிலுக்கு ஒரு தட்டு. இந்தப் பட்டறையின் வழக்கம் அது. பதில் வரவில்லை என்றால் ஆளை இழுக்க வேண்டும். செல்வாவின் தட்டு நிதானமாக இருக்கும். இடையிடையே அவசரமாக மூன்று தட்டு விழுந்தால் அது கமலநாதன். முடிஞ்சுச்சா என்று அர்த்தம்.

வேலை சுத்தமாக முடிந்தது. பன்னிரண்டரைக்கு உருளையை வாளியில் போட்டு, காற்றுக் குழாயை வெளியே தள்ளினாள். துளை ஆளுக்கும் குழாய்க்கும் சேர்த்து இடம் தராது. ஆள் வெளியே வரும்போது குழாய் வெளியே போயாக வேண்டும். எப்போதும் ஒரு நிமிஷ வேலைதான் அது. வலது கையை நீட்டினாள், தலையை விட்டாள், தோளைச் சாய்த்தாள்.

தோள் நின்றுவிட்டது.

வெளியே பட்டறையின் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. செல்வா கையைப் பிடித்து இழுத்தான். பின்கழுத்துச் சதையில் வெட்டுவிளிம்பு கீறியது. அவள் அந்தத் துளைக்குத் தக்கை போல ஆகியிருந்தாள். வெளியே இருந்த தலை நல்ல காற்றை இழுத்தது. ஆனால் நெஞ்சு துளைக்குள் இறுகி, விரிய இடமில்லாமல் நின்றது.

"உள்ள போறேன், விடு, விடு!" என்றாள். பின்வாங்கி உள்ளே விழுந்தாள். செல்வா குழாயைத் திரும்பவும் உள்ளே விட்டான். அதன் வாயில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெஞ்சுக்குள் பூனை கத்த ஆரம்பித்திருந்தது.

துளையில் கமலநாதனின் முகம் வந்தது. "என்ன சந்திரா, வெளையாடுறியா? மூச்ச வெளிய விட்டுட்டு வா. வயித்த எக்கு."

"விட வரல மாமா."

"எத்தன வருஷமா வர்ற. இன்னைக்கு என்ன புதுசா?"

வளையத்தைக் கொண்டுவந்து துளையில் வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. "ஓட்டை சரியாத்தானே இருக்கு!" என்றார். அவர் குரலில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. துளை சரியாக இருந்தால் ஆளும் சரியாக இருக்க வேண்டும்.

மெழுகு தடவிப் பார்த்தார்கள். அச்சிலிருந்து வார்ப்பைப் பிரிக்கப் பூசும் மெழுகு. சட்டையைக் கழற்றிவிட்டு, உள்பனியனோடு, தோளெல்லாம் மெழுகாக, இரண்டாம் முறை முட்டினாள். போன தடவையைவிட ஓர் அங்குலம் கூடுதலாக வந்து மாட்டிக்கொண்டாள். இந்தமுறை உள்ளே போகவும் முடியவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. செல்வா அவள் முகத்தைப் பார்த்து, "அலமாக், பாஸ், அக்கா மூஞ்சி நீலமாவுது!" என்று கத்தினான். கமலநாதன் அவள் தலையில் கையை வைத்து உள்ளே தள்ளினார். தள்ளும்போது, "குருவே, குருவே," என்று முணுமுணுத்தார்.

உள்ளே விழுந்தவள் இன்ஹேலரைத் தேடினாள். அது கைப்பையில் இருந்தது. கைப்பை ஆணியில்.

"செல்வா, என் பைல நீலமா ஒரு குப்பி இருக்கும். கொண்டா."

கொண்டுவந்தான். இரண்டு முறை இழுத்தாள். உருண்டைக்குள் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது. துளையிலிருந்து கமலநாதன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்பலேருந்து?"

"போன வருஷத்துலேருந்து மாமா. மாத்திரை சாப்பிடுறேன். அதுலதான் உடம்பு போட்டுருச்சு."

"ஏன் சொல்லல?"

அவள் குப்பியை மூடினாள். நேருக்கு நேர் நின்றிருந்தால் அழுகை வந்திருக்கும். இங்கே அவருக்கு அவள் சரியாகத் தெரியவில்லை, அவளுக்கு அவர் முகம் மட்டும் ஒரு நீள்வட்டத்துக்குள் தெரிந்தது. அந்த முகத்தில் வேர்வை வடிந்தது. "நீங்க வளையத்தத்தான் பாக்குறீங்க மாமா," என்றாள்.

கமலநாதன் முகத்தை எடுத்துக்கொண்டார். வெளியே பேச்சு கேட்டது. அரை அங்குலம் சுற்றி ராவிவிடலாம் என்றார். அரை அங்குலம் போதாது என்றான் செல்வா. அதற்கு மேல் போனால் புள்ளியைச் சுற்றி அடித்திருக்கும் சாயமெல்லாம் போய்விடும், அஞ்சு மணிக்கு லாரி வருகிறது, ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா என்றார் கமலநாதன். அப்புறம் அரம் உரசும் சத்தம். உள்ளே தூசு வெயில் கற்றையில் மிதந்தது. அவள் முகமூடியை மாட்டிக்கொண்டு, கால்களை மடக்கி, பசை ஆவிக்கும் தூசுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். குழாயில் வரும் காற்று சூடாக இருந்தது. சுற்றிலும் வெள்ளைச் சுவர், மூலையே இல்லாத சுவர். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது அவளை நடுவுக்கே சறுக்கிவிட்டது. கால் வைக்க இடம் கெடையாது என்று அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. இங்கே கால் வைக்க இடம் இருந்தது. அது மட்டும்தான் இருந்தது.

அரை அங்குலம் ராவி முடிய முக்கால் மணி நேரம் ஆனது. "இப்ப வா பாப்போம்," என்றார் கமலநாதன்.

அவள் நகரவில்லை. துளையின் விளிம்பில் கையை வைத்து அளந்தாள். பிறகு தன் தோளை அளந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த இரண்டையும் அவள் கையால் அளந்தது அதுதான் முதல்முறை.

"மாமா, காத்து ரம்பத்தக் கொடுங்க."

மின்சார ரம்பத்தை ஆவிக்குள் ஓட்டினால் தீப்பற்றிக்கொள்ளும். காற்றழுத்தத்தில் ஓடும் சின்ன ரம்பம் ஒன்று பட்டறையில் இருந்தது. அதைத்தான் கேட்டாள்.

"எதுக்கு?"

"நான் வெட்டிக்கிறேன்."

"அடியே, சாயம் போயிடும்லா! நான் இன்னும் கொஞ்சம் ராவுறேன், பொறு."

"பொறுத்தாச்சு மாமா."

பிறகு ரம்பத்தின் கைப்பிடி துளை வழியாக வந்தது. கொடுத்த கையில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. செல்வாவின் கை. "டேய், யாரக் கேட்டுடா குடுத்த!" என்று கமலநாதன் கத்துவது கேட்டது.

உள்ளே கோடு போட எதுவும் இல்லை. பசைத் தூரிகையின் காம்பை வாளியில் தோய்த்து, துளையைச் சுற்றி ஒரு வட்டம் இழுத்தாள். முதலில் தேவையான அளவுக்கு இழுத்தாள். பிறகு அதைவிட வெளியே இன்னொன்று இழுத்தாள். வெளிவட்டத்தில் ரம்பத்தை வைத்தாள்.

வெட்டி முடித்து அவள் வெளியே தலையை நீட்டியபோது எதிரில் தர்மினி நின்றிருந்தாள். மூன்று மணிக்குச் சோதனைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். சொன்னபடி வந்திருந்தாள். தலையெல்லாம் வெள்ளைத் தூசு, தோளெல்லாம் மெழுகு, பனியன் கிழிந்து, வியாழனின் வயிற்றிலிருந்து ஒரு பெண் முழங்கையை ஊன்றி எழுவதை அவள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பிறகு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தோள் சுலபமாக வந்தது. இடுப்பும் வந்தது. செல்வா தன் துண்டை அவள்மேல் போர்த்தினான்.

"தண்ணி கொடுங்க. அக்கா, உக்காருங்க. ஹாஸ்பிட்டல் போலாமா?"

"வேணாம்மா. இப்ப மூச்சு வருது." காலுக்குச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

கமலநாதன் உருண்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார். புள்ளி இருந்த இடத்தில் இருபத்திரண்டு அங்குலத்துக்கு ஒரு ஓட்டை. விளிம்பில் சாயம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. "டாக்டரம்மா, மன்னிச்சிருங்க. நாளைக்குக் காலைல ரெடி பண்ணிடுறோம். புள்ளிய மறுபடியும் சின்னதா..."

தர்மினி கைப்பேசியில் ஏதோ கணக்குப் போட்டாள். "சின்னதா வேணாம். உங்க பதினாறு அங்குலம், நான் பொறக்கறதுக்கு முன்னால எடுத்த போட்டோல இருக்கிற அளவு. அந்தப் புயல் வருஷா வருஷம் சுருங்கிட்டு வருது. இப்ப இருக்கிறதுக்கு உண்மையா பதினொண்ணுதான் வரணும். நூறு வருஷத்துக்கு முன்னாடினா இந்த அளவு இருந்திருக்கும்." தர்மினி, சந்திரமதி வெட்டிய விளிம்பைத் தடவினாள். "இத இப்படியே வச்சு, பக்கத்துலயே இப்பத்தி அளவுக்கு ஒரு கோடு போட்டுடுங்க. எவ்வளவு சுருங்கியிருக்குன்னு பசங்க பாக்கட்டும்."

"பெருசா இருந்தது சுருங்குதா?" என்றாள் சந்திரமதி.

"ஆமாக்கா."

"இங்க தலைகீழ்," என்று சொல்லித் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தர்மினிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

லாரியை மறுநாளுக்கு மாற்றினார்கள். செல்வா புது மூடிக்கு அச்சு எடுத்தான். கமலநாதன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, குடிக்காமல் தேநீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் பக்கம் பார்க்கவில்லை. ஒருமுறை மட்டும், "அக்காகிட்ட இன்னைக்கு ஒண்ணும் சொல்லாத, பயந்துருவா," என்றார்.

மறுநாள் காலையில் மூடியை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு கணம் உருண்டைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. செல்வா பசையைக் கலக்கப் போயிருந்தான். கமலநாதன் லாரிக்காரரோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தார். நேற்று துளையில் வைத்துப் பார்த்த வளையம் தரையில் கிடந்தது. சந்திரமதி அதை எடுத்தாள். அக்காவின் பென்சில் கோடு உள்விளிம்பில் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. ஆணியில் திரும்ப மாட்டுவதற்காகத்தான் எடுத்தாள். ஆணிவரை போனாள். அங்கிருந்து திரும்பி வந்து, அதைத் துளைக்குள் போட்டாள். அது வெள்ளைச் சுவரில் சறுக்கி, இரண்டு சுற்று உருண்டு, நடுவில் போய் விழுந்து நின்றது. அவள் விட்டுவந்த தூரிகையும் வாளியும் அங்கேதான் கிடந்தன.

செல்வா வந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மூடியை வைத்துப் பசையைத் தடவினான்.

திங்கட்கிழமை குளுவாங்கிலிருந்து ஒரு தொட்டி வேலை வந்தது. கமலநாதன் ஆணியைத் தடவினார், நாள்காட்டிக்குப் பின்னால் பார்த்தார், மேசைக்கடியில் குனிந்தார்.

"டேய் செல்வா, வளையம் எங்கடா?"

செல்வா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டான்.

"உள்ள போயிருச்சு மாமா," என்றாள் சந்திரமதி.

"எதுக்குள்ள?"

"குருவுக்குள்ள."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. சுவரில் வளையம் தொங்கிய இடம் மட்டும் தூசு படியாமல், நீள்வட்டமாக, வெள்ளையாக இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப இந்தத் தொட்டிக்கு எந்த அளவுல வெட்டுறது?"

கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். நான்காக மடித்த மடிப்புகள் அழுக்கேறியிருந்தன. மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவினாள். "இதப் படிச்சிட்டு வெட்டுங்க."

கமலநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மலாய்ப் பகுதியை உதடசைத்துப் படித்தார். தேதி வரும் இடத்தில் விரல் நின்றது. திரும்பவும் மேலே போய்ப் படித்தார். பசை படிந்த அவர் கட்டைவிரல் காகிதத்தின் ஓரத்தில் ரேகையைப் பதித்தது. பிறகு, கடிதத்தைக் கீழே வைக்காமலே, மூலையில் சாத்தியிருந்த மரப்பலகைகளைப் பார்த்தார்.

"பலகை வேற இருக்கு," என்றார். கேள்வி போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"பலகை இருக்கு மாமா," என்றாள் சந்திரமதி. "படுக்க ஆள் இல்ல."

வெளியே செல்வா, காலியாகக் கிடந்த ஒரு தொட்டியைச் சும்மா இரண்டு தட்டுத் தட்டினான். பழக்கத்தில், அவள் அறியாமலே, அவள் விரல் மேசையை ஒருமுறை தட்டியது.